14 வயதில் மருமகனா? பழைய இங்கிலாந்து சென்சஸ் தாளில் உறவுகளைப் படிப்பது பற்றி

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன், தப்பாக இருந்தால் திருத்துங்கள். உங்கள் மனைவி இங்கிலாந்துக்காரர், அவருடைய அம்மாவின் தாத்தாவைத் தேடுகிறீர்கள். 1871 சென்சஸில் லங்காஷயர் பகுதியின் பிளாக்பர்ன் ஊரில் ஒரு வீடு: குடும்பத் தலைவர் நெசவாளர், அவருக்கு 54, மனைவிக்கு 51, ஒரு மகள் 22, ஒரு மகன் 17, கடைசி வரியில் 2 வயதில் இந்தப் பையன், உறவு 'மகன்'. 1881இல் அந்த அம்மா 61 வயது விதவை, அவரே வீட்டுத் தலைவி, பையனுக்கு 12, உறவு 'பேரன்'. 1891இல் பழைய 22 வயது மகள் 42 வயதில், 45 வயதான ஒருவருடைய மனைவியாக இருக்கிறார், அந்த வீட்டில் நம் பையன் 22 வயதில், உறவு 'நெஃப்யூ'. அதே வீட்டில் வேறு குடும்பப்பெயரோடு 14 வயதில் இன்னொரு பையன், திருமணமாகாதவன், உறவு 'சன் இன் லா'. மூன்று தாளிலும் நம் பையனுக்குக் குடும்பப்பெயர் அந்த முதல் தலைவருடையதுதான். 14 வயதில் எப்படி மருமகன் என்று சிரித்துவிட்டு, மூன்றில் எந்தத் தாள் பொய் என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் நீங்கள் தெரிந்துகொள்ள நினைப்பது இந்தப் பையனைப் பெற்றவள் யார் என்பதுதான் என்று நினைக்கிறேன்.

இந்த மாதிரிப் பதிவுகளோடு பல வருடங்களாக மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஆனால் நான் தாள்களைப் பார்க்கவில்லை, நீங்கள் தட்டச்சு செய்து போட்டதை மட்டும்தான் பார்த்தேன். அதனால் கீழே சொல்வதில் எது உறுதி, எது என் ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் உறுதியான ஒன்று. மூன்றில் ஏதோ ஒன்று பொய்யாகத்தான் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தாளில் உறவை எழுதும் பத்தியின் தலைப்பே 'குடும்பத் தலைவருக்கு என்ன உறவு' என்பதுதான். ஒருவருக்கொருவர் என்ன உறவு என்று அந்தத் தாள் கேட்கவே இல்லை, தலைவர் ஒருவருக்கு மட்டும் மற்றவர்கள் என்ன ஆகவேண்டும் என்று கேட்டது. 1841 கணக்கெடுப்பில் அதுகூடக் கிடையாது, பெயர்களை வரிசையாக எழுதிவிட்டுப் போய்விட்டார்கள், 1851இலிருந்துதான் இந்தப் பத்தி வந்தது. தலைவர் மாறினால் அதே ஆளுக்கு உறவின் பெயரும் மாறும். உங்கள் மூன்று தாளிலும் தலைவர் வேறு வேறு ஆள்: 1871இல் அந்த மனிதர், 1881இல் அவருடைய விதவை, 1891இல் அவர்களுடைய மாப்பிள்ளை. இதைச் சேர்த்துச் சொல்லவேண்டிய இன்னொன்று, 'மகன்' என்று எழுதியிருந்தால் அது தலைவருக்கு மகன், பக்கத்து வரியில் இருக்கும் மனைவிக்கும் மகன் என்று அர்த்தமில்லை. இரண்டாம் தாரமாக வந்தவளை அம்மா என்று எழுதிக்கொண்டு போய், ஒரு கிளை முழுவதையும் தவறான குடும்பத்தில் ஒட்டிவைத்திருக்கும் வம்சாவளி மரங்கள் இணையத்தில் ஏராளம்.

அப்புறம், நீங்கள் பார்க்கும் தாள் எப்படி உருவானது என்பதும் முக்கியம். வீட்டுக்கு வீடு ஒரு படிவம் கொடுத்துவிட்டுப் போவார்கள், வீட்டுக்காரர் நிரப்பவேண்டும், எழுதத் தெரியாதவர்களுக்குக் கணக்கெடுப்பாளரோ பக்கத்து வீட்டுக்காரரோ நிரப்பித் தருவார். அதைக் கணக்கெடுப்பாளர் வாங்கிக்கொண்டு போய் ஒரு புத்தகத்தில் பார்த்து எழுதுவார். 1841 முதல் 1901 வரை இன்று நம்மிடம் இருப்பது அந்தப் புத்தகம்தான், வீட்டுக்காரர் நிரப்பிய படிவங்களை அழித்துவிட்டார்கள். 1911இல்தான் முதல்முறையாக வீட்டுக்காரரின் சொந்தக் கையெழுத்தில் இருக்கும் படிவமே கிடைக்கிறது. ஆக, உங்கள் மூன்று தாளும் நகல்கள். நகல் எடுத்தவர் நூற்றுக்கணக்கான பெயர்களை எழுதிக் களைத்துப்போன மனிதர். மேல் வரியில் இருந்த சொல்லே கீழும் வந்தால் அதைத் திரும்ப எழுதாமல் 'டோ' என்று சுருக்கி இழுத்துவிடுவார்கள், அதாவது மேற்படி. 'கிராண்ட்சன்' என்பதை ஒரு 'ஜி' போட்டுப் பக்கத்தில் 'சன்' என்று எழுதுவதும் சகஜம், அந்த ஒற்றை எழுத்து மங்கிப்போனால் பேரன் மகனாகிவிடுவான். உங்கள் 1871 தாளில் 17 வயது மகனுக்கு நேர் கீழே பையன் இருக்கிறான். அதனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் செய்யும் முதல் வேலை, தேடுதளம் தட்டச்சு செய்து தரும் பட்டியலை மூடிவிட்டு, படத்தைப் பெரிதாக்கி அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது. பட்டியலில் 'மகன்' என்று இருப்பது, படத்தில் வெறும் 'டோ'வாக இருக்கலாம். (இடையில் ஒன்று. இந்தியாவில் நம் தாத்தாவின் சென்சஸ் தாளையும் இப்படிப் பார்க்கலாமா என்று யாராவது அடுத்துக் கேட்பார்கள். முடியாது. 1948 மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவு தனி நபர் பதிவுகளைப் பார்வைக்குத் திறப்பதில்லை.)

சரி, அந்த 14 வயது மருமகனுக்கு வருவோம், அது மூன்றில் சுலபமானது. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் 'இன் லா' என்பதைத் திருமணத்தால் வந்த எந்த உறவுக்கும் தாராளமாகப் போட்டார்கள், இன்று 'ஸ்டெப் சன்' என்று சொல்வதும் அதில் அடங்கும். ஆக 14 வயது, மணமாகாதவன், குடும்பப்பெயர் வேறு என்றால் அவன் தலைவருடைய மனைவி வேறொருவருக்குப் பெற்ற பிள்ளை. இதில் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. சந்தேகம் வேறு இடத்தில் இருக்கிறது: எந்த மனைவி? 45 வயதுத் தலைவருக்கு நீங்கள் பார்க்கும் மனைவி இரண்டாவதாக இருந்து, முதல் மனைவி ஒரு குழந்தையோடு வந்த விதவையாக இருந்து இறந்திருந்தால், இந்தப் பையன் அந்த முதல் மனைவியின் பிள்ளையாகவும் இருக்கலாம். இதைத் தீர்ப்பது எளிது. அந்தத் தலைவருக்கும் நம் மகளுக்கும் நடந்த திருமணத்தின் சான்றிதழை வாங்குங்கள். அதில் அவள் பெயர் பையனின் குடும்பப்பெயரோடு, 'விதவை' என்ற நிலையோடு இருந்தால் அவளுக்கு முதல் திருமணம் ஒன்று இருந்தது, பையன் அந்தத் திருமணத்தில் பிறந்தவன். தகப்பன் வீட்டுப் பெயரிலேயே, 'ஸ்பின்ஸ்டர்', அதாவது மணமாகாதவள் என்று இருந்தால் வேறு கதை. 1881இல் அவளுக்கு 32, பையனுக்கு 4 வயது இருக்கவேண்டும். அந்த ஆண்டில் அவளைத் தேடும்போது தகப்பன் வீட்டுப் பெயரில் மட்டும் தேடாமல் பையனின் பெயரிலும் தேடுங்கள், நீங்கள் 1881இல் அவளைக் காணோம் என்று எழுதியிருப்பதற்குக் காரணம் அதுவாக இருக்கலாம்.

இதே பையன் நம் ஆளைப் பற்றியும் ஒரு துப்பு கொடுக்கிறான், உங்கள் கேள்வியில் எனக்குப் பிடித்த பகுதியே இதுதான். 1891 தாளில் ஒரே தலைவர் இரண்டு இளைஞர்களுக்கு இரண்டு வெவ்வேறு உறவு சொல்லியிருக்கிறார். அவர் இருக்கும் இடத்திலிருந்து பாருங்கள். நம் பையன் 1871 சொல்வதுபோல் அவர் மனைவியின் தம்பி என்றால் 'பிரதர் இன் லா' என்று வந்திருக்கவேண்டும். மனைவி பெற்ற பிள்ளை என்றால், பக்கத்திலேயே இன்னொரு பிள்ளைக்குப் போட்டதுபோல் 'சன் இன் லா' என்று போட்டிருக்கலாம். இரண்டும் இல்லாமல் 'நெஃப்யூ' என்கிறார். மனைவியின் அக்கா, தங்கை, அண்ணன், தம்பி, இவர்களில் ஒருவருடைய மகன் என்பதற்கு அது பொருந்துகிறது. நம்மிடம் அண்ணன் மகனுக்கு ஒரு பெயர், தங்கை மகனுக்கு வேறு பெயர் உண்டு, அங்கே எல்லாம் ஒரே நெஃப்யூதான், அதனால் இந்தச் சொல்லை வைத்து அதற்கு மேல் ஒரு அடி எடுத்துவைக்க முடியாது.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. முறைப்படி நடந்த முதல் கல்யாணத்தில் பிறந்த பிள்ளையைச் சொல்லிக்கொள்வதில் கூச்சம் இல்லை, கல்யாணத்துக்கு முன்னால் பிறந்த பிள்ளையைச் சொல்வதில் இருந்தது. ஊருக்கு 20 வருடமாகச் சொல்லிவந்த கதையைக் கணக்கெடுப்புக்காக மாற்றவேண்டியதில்லை என்று அந்தக் குடும்பம் நினைத்திருக்கலாம். கணவருக்கே உண்மை தெரியாமல் இருந்திருக்கவும் வாய்ப்புண்டு. ஆகவே 'நெஃப்யூ' என்பது மகளைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கவில்லை, கொஞ்சம் கீழே தள்ளுகிறது, அவ்வளவுதான்.

1871 தாளுக்கு வருவோம். பாட்டி 49 வயதில் பெற்றிருக்க முடியாதா என்றால், முடியும், ஆனால் அரிது. வயதையும் அப்படியே நம்பவேண்டியதில்லை. நான் வயதைவிட இடைவெளியைத்தான் பார்ப்பேன். முந்தைய பிள்ளைக்கு 17, இவனுக்கு 2, நடுவில் 15 வருடம் ஒன்றுமில்லை. இரண்டு வருடத்துக்கு ஒன்று, மூன்று வருடத்துக்கு ஒன்று என்று பெற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் 15 வருடம் நிறுத்திவிட்டு 49இல் ஒன்று பெற்றாள் என்பதை ஆதாரம் இல்லாமல் ஏற்கமாட்டேன். நடுவில் பிறந்து இறந்த குழந்தைகள் இருந்திருக்கலாம், அதைப் பிறப்புப் பதிவுகளில் சரிபார்க்கலாம். கல்யாணமாகாத மகளின் குழந்தையைப் பாட்டியும் தாத்தாவும் தங்கள் கடைசிப் பிள்ளையாக வளர்ப்பது லங்காஷயர் பஞ்சாலை ஊர்களில் மட்டுமல்ல, நாடு முழுவதும் நடந்தது. அதைப் பொய் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. தத்தெடுப்புக்கு இங்கிலாந்தில் சட்டமே 1926இல்தான் வந்தது, 1927 ஜனவரி 1 முதல்தான் அமலானது. அதற்கு முன்னால் யார் சோறு போட்டு வளர்த்தார்களோ அவர்கள்தான் பெற்றோர், தாளில் அப்படித்தான் எழுதினார்கள்.

இனி மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், 1881இன் 'பேரன்', 1891இன் 'நெஃப்யூ', இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன. கணவர் இறந்தபிறகு பாட்டி தன் வாயால் சொன்னது 'பேரன்'. இவை இரண்டும் சரி என்றால், பையன் அந்தத் தம்பதிக்குப் பேரன், 22 வயது மகளுக்கு உடன்பிறந்தவர் பிள்ளை. குடும்பப்பெயர் தாத்தாவுடையதாகவே இருப்பதால் இரண்டே வழிதான்: கல்யாணமாகாத வேறொரு மகள் பெற்றது, அல்லது மூத்த மகன் ஒருவன் முறைப்படி பெற்றது, மனைவி இறந்ததாலோ வேறு காரணத்தாலோ பாட்டியிடம் விட்டது. கேள்வி கேட்பவர்கள் எல்லோரும் செய்வதை நீங்களும் செய்திருக்கிறீர்கள், வீட்டில் இருக்கும் மகளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அன்று வீட்டில் இல்லாதவர்களைத் தேடுங்கள். 1861 தாளைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அப்போது அந்த அம்மாவுக்கு 41, நம் மகளுக்கு 12. அவளுக்கு மேலேயும் கீழேயும் யார் யார் இருந்தார்கள்? 1861இல் 15 வயதில் ஒரு அக்கா இருந்து 1871இல் காணாமல் போயிருந்தால், என் கண் முதலில் போவது அவள் மேல்தான்.

காணாமல் போனவர்கள் எங்கே இருப்பார்கள் என்றால், கணக்கெடுப்பு ஒரே ஒரு இரவைப் பற்றியது. 1871இல் ஏப்ரல் 2, 1881இல் ஏப்ரல் 3, 1891இல் ஏப்ரல் 5, அந்த இரவில் யார் எங்கே தூங்கினார்களோ அங்கே எண்ணினார்கள். வேறு ஊரில் ஒரு வீட்டில் வேலைக்காரியாக, மருத்துவமனையில், ஏழைகள் விடுதியான வொர்க்ஹவுஸில், கல்யாணமாகி வேறு பெயரில், எங்கும் இருக்கலாம். வேலைக்காரியாக இருப்பவளின் வரியில் 'சர்வன்ட்' என்றும் பிறந்த ஊர் பிளாக்பர்ன் என்றும் இருக்கும், குழந்தை இருப்பது பற்றி எதுவும் இருக்காது. அதே காரணத்தால், ஒரு குழந்தை பாட்டி வீட்டில் எண்ணப்பட்டது என்பதை வைத்து அங்கேயே வளர்ந்தது என்று சொல்லவும் முடியாது, ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்து தங்கியிருக்கலாம். உங்கள் பையன் இரண்டு கணக்கெடுப்பில் அங்கே இருப்பதால் அந்தச் சந்தேகம் இங்கே பலவீனம்.

இப்போது இதை முடித்துவைக்கக்கூடிய ஆவணம்: பிறப்புச் சான்றிதழ். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசுப் பதிவு 1837 ஜூலை 1இல் தொடங்கியது. பொதுப் பதிவு அலுவலகமான ஜி.ஆர்.ஓ. தன் இணையதளத்தில் வைத்திருக்கும் பிறப்புக் குறியீட்டில் 1837இலிருந்தே தாயின் கன்னிப்பெயரும் (கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப்பெயர்) இருக்கிறது. மற்றத் தளங்களில் கிடைக்கும் பழைய காலாண்டுக் குறியீட்டில் அது 1911 செப்டம்பர் காலாண்டுக்குப் பிறகுதான் வரும், அதனால் அதில் தேடி நேரத்தை வீணாக்கவேண்டாம். பையனின் பெயர், குடும்பப்பெயர், பிளாக்பர்ன் பதிவு மாவட்டம், 1868 முதல் 1870 வரை என்று போட்டுத் தேடுங்கள். தாயின் கன்னிப்பெயர் இடத்தில் பாட்டியின் கன்னிப்பெயர் இருந்தால் அவனைப் பாட்டியின் பிள்ளையாகப் பதிந்திருக்கிறார்கள். வேறொரு பெயர் இருந்தால் மூத்த மகனுடைய மனைவியைத் தேடுங்கள். அந்த இடம் காலியாக இருந்தால் பெரும்பாலும் தகப்பன் பெயர் சொல்லப்படாத பிள்ளை, அதாவது குடும்பப்பெயர் தாயினுடையது. அதுதான் நான் எதிர்பார்ப்பது, ஆனால் எதிர்பார்ப்பு ஆதாரம் ஆகாது. அந்தக் காலத்துப் பதிவின் படத்தைச் சில பவுண்டுகளுக்கு அங்கேயே வாங்கலாம். வாங்கியதும் தாயின் பெயருக்கு அடுத்தபடி நீங்கள் பார்க்கவேண்டியது, தகவல் கொடுத்தவர் யார் என்ற பத்தி. பாட்டி வந்து 'பிரசவத்தின்போது உடன் இருந்தேன்' என்று சொல்லி மகளின் பெயரைத் தாயாகக் கொடுத்திருந்தால், அதைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது கஷ்டம்.

இங்கே இரண்டு எச்சரிக்கை. பிறப்பைப் பதியாவிட்டால் பெற்றோருக்கு அபராதம் என்ற கட்டாயம் 1874 சட்டத்தால் 1875இல்தான் வந்தது. உங்கள் பையன் அதற்கு முன்னால் பிறந்தவன், பதியாமலே விட்டிருக்கலாம். இன்னொன்று, பதிவாளர் வீட்டுக்கு வந்து யார் பெற்றது என்று சோதித்துப் பார்ப்பதில்லை, வந்தவர் சொன்னதை எழுதிக்கொள்வார். பாட்டி தன் பிள்ளை என்றே பதிந்திருந்தால் சான்றிதழும் 1871 தாளும் ஒரே கதையைச் சொல்லும், ஆனால் இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தவை, இரண்டு சாட்சி என்று எண்ணக்கூடாது.

சான்றிதழ் கிடைக்காவிட்டாலோ சந்தேகம் தீராவிட்டாலோ ஞானஸ்நானப் பதிவேடு. லங்காஷயருக்கு 'லங்காஷயர் ஆன்லைன் பாரிஷ் கிளார்க்ஸ்' என்று தன்னார்வலர்கள் நடத்தும் இலவசத் தளம் இருக்கிறது, அதில் பிளாக்பர்ன் தேவாலயங்களைத் தேடலாம். அரசுப் பதிவாளரிடம் ஒரு கதை சொன்ன குடும்பம் பாதிரியாரிடம் வேறு கதை சொன்னதை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன், பாதிரியாருக்குத்தான் அந்தக் குடும்பத்தைத் தெரியுமே. கல்யாணமாகாத தாய் என்றால் தகப்பன் இடத்தில் ஒன்றும் இல்லாமல் தாயின் பெயர் மட்டும், 'சிங்கிள் வுமன்' என்ற குறிப்போடு இருக்கும். பிறகு பையன் வளர்ந்து கல்யாணம் செய்துகொண்டபோது கொடுத்த தகப்பன் பெயர். இதைப் பலர் கல்வெட்டு மாதிரி நம்புகிறார்கள், நான் நம்பமாட்டேன். தகப்பன் தெரியாதவர்கள் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டார்கள், அல்லது தாத்தாவின் பெயரை எழுதினார்கள், அல்லது தன் குடும்பப்பெயரோடு ஒரு பெயரை உண்டாக்கி 'இறந்துவிட்டார்' என்று போட்டார்கள். தாத்தாவின் பெயர் இருந்தால் அது எதையும் நிரூபிக்காது, காலியாக இருந்தால் அது நிறையச் சொல்கிறது. தாத்தாவோ பாட்டியோ உயில் எழுதியிருந்தால் அதையும் பாருங்கள், 1858இலிருந்து இங்கிலாந்து, வேல்ஸ் முழுமைக்கும் ஒரே குறியீடு உண்டு. நெசவாளர் குடும்பத்தில் உயில் இருக்குமா என்பது சந்தேகம், ஆனால் இருந்தால் 'என் பேரன்', 'என் மகள் இன்னாரின் மகன்' என்று காசு விஷயத்தில் மனிதர்கள் திருத்தமாக எழுதிவிடுவார்கள். தாய் தகப்பன்மேல் ஜீவனாம்சம் கேட்டு உள்ளூர் நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் அந்த உத்தரவும், அதைப் பற்றிய செய்தித்தாள் வரியும் அகப்படலாம். எல்லா ஊரிலும் இந்தப் பதிவுகள் தப்பிப் பிழைக்கவில்லை.

1911 தாளில் மணமான பெண்கள் எத்தனை வருடம் மணவாழ்க்கை, உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இருப்பவர் எத்தனை, இறந்தவர் எத்தனை என்று எழுதவேண்டும். நம் மகளோ அவளுடைய அக்காவோ அப்போது உயிரோடு இருந்தால் அதைப் பாருங்கள், ஆனால் அவசரப்படாதீர்கள், கேட்டது இப்போதைய திருமணத்தில் பிறந்த பிள்ளைகளை மட்டும். ஒழுங்காகப் படித்து நிரப்பியவர்கள் முன்னால் பிறந்ததை விட்டிருப்பார்கள். படிக்காமல் மொத்தமாக எழுதியவர்களும் உண்டு. விதவைகள் எழுதத் தேவையில்லை என்றாலும் எழுதியிருப்பார்கள், அதிகாரி சிவப்பு மையில் அடித்திருப்பார், அடித்ததற்குக் கீழே எண் நன்றாகவே தெரியும்.

டி.என்.ஏ. சோதனை செய்யலாமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். செய்யலாம், உங்கள் மனைவியைவிட மாமியார் செய்வது நல்லது, ஒரு தலைமுறை நெருக்கம். ஆனால் இந்தக் குறிப்பிட்ட கேள்விக்கு அதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை யாரும் முன்கூட்டியே சொல்லமாட்டார்கள். வீட்டில் இருந்த மகளுக்கு வேறொருவர் மூலம் பிறந்த பிள்ளையின் வழியில் ஒரு கொள்ளுப்பேரன் அகப்பட்டு, அவரோடு மாமியாரை ஒப்பிடுகிறீர்கள் என்று வையுங்கள். நம் பையன் அந்த மகளின் பிள்ளை என்றால் இருவரும் பகிரவேண்டிய சராசரிப் பங்கு சுமார் 1.56 சதவீதம். பையன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி என்றாலும் அதே 1.56 சதவீதம்! தாய் ஒருத்தி, தகப்பன் வேறு என்பதால் ஒரு பக்கம் பாதியாகக் குறைவதும், தம்பி என்பதால் ஒரு தலைமுறை தள்ளிப்போவதும் சரியாகச் சமன்செய்துவிடுகின்றன. அந்த எண்ணை வைத்து மகனா தம்பியா என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். இன்னொரு உடன்பிறந்தவரின் கொள்ளுப்பேரனோடு ஒப்பிட்டால் வித்தியாசம் வரும், பாட்டியின் மகன் என்றால் 1.56, பேரன் என்றால் அதில் பாதி. ஆனால் இந்த தூரத்து உறவுகளில் உண்மையில் கிடைக்கும் எண்கள் சராசரியைச் சுற்றி அவ்வளவு பரந்து கிடக்கும் என்பதால் ஒரே ஒரு பொருத்தத்தை வைத்து முடிவு கட்டமுடியாது. டி.என்.ஏ. இங்கே உதவுவது வேறு விதத்தில்: இந்தக் குடும்பத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத, ஆனால் தங்களுக்குள் உறவான ஒரு கூட்டம் உங்கள் மாமியாரோடு பொருந்தினால், அதுவும் பையன் வழியாகத்தான் வருகிறது என்று காட்டமுடிந்தால், பெயர் தெரியாத தகப்பனின் குடும்பம் அதுவாக இருக்கலாம். அப்படி ஒரு கூட்டம் இருந்தால் 1871 தாளின் 'மகன்' விழுந்துவிடும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக இதே ரகப் புதிர்கள் சிலவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 'மனைவி' என்று எழுதியிருப்பதால் திருமணம் நடந்தது என்று ஆகாது. 1858இலிருந்து நீதிமன்ற விவாகரத்து இருந்தாலும் அது ஏழைகளுக்கு எட்டாத செலவு, பிரிந்தவர்கள் வேறொருவரோடு போய்க் குடும்பம் நடத்தினார்கள். திருமணப் பதிவைத் தேடித் தேடிக் கிடைக்காமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 'ஹவுஸ்கீப்பர்' என்று ஒரு பெண்ணும், அவளுடைய பிள்ளைகளுக்கு நடுப்பெயராக வீட்டுத் தலைவரின் குடும்பப்பெயரும் இருந்தால் நான் சொல்லவேண்டியதில்லை. இறந்துபோன மனைவியின் தங்கையைக் கட்டுவது நமக்கு இயல்பாகத் தோன்றலாம், அங்கே 1835 முதல் 1907 வரை அந்தத் திருமணம் செல்லாது. அதனால் 'சிஸ்டர் இன் லா' என்று எழுதப்பட்ட ஒரு பெண் பத்து வருடம் கழித்தும் அதே வீட்டில் இருந்து, நடுவில் குழந்தைகள் பிறந்திருந்தால் இந்தத் தேதிகளை நினைவில் வையுங்கள். 'நர்ஸ் சைல்ட்' என்றால் காசு வாங்கிக்கொண்டு வளர்க்கப்பட்ட பிள்ளை, நோயாளி அல்ல. ஒரே கட்டடத்தில் இரண்டு குடும்பம் இருந்தால் கணக்கெடுப்பாளர் பெயர்களுக்கு நடுவில் ஒரு சின்னச் சாய்கோடு போட்டிருப்பார், வீடே மாறினால் இரண்டு கோடு. அதைக் கவனிக்காவிட்டால் வாடகைக்குத் தங்கியிருக்கும் லாட்ஜரின் மகள் வீட்டுக்காரரின் மகளாகிவிடுவாள்.

உங்கள் பையனைப் பொறுத்தவரை இப்போதைக்கு என் கணிப்பு: முதலிடம் 1871இல் வீட்டில் இல்லாத ஒரு மூத்த மகளுக்கு, அடுத்தது வீட்டில் இருந்த 22 வயது மகளுக்கு, அப்புறம் ஒரு மூத்த மகனுக்கு, கடைசியில் பாட்டிக்கு. முதல் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி ரொம்பச் சின்னது, 1861 தாளில் மூத்த மகளே இல்லை என்று நீங்கள் வந்து சொன்னால் வரிசை உடனே மாறிவிடும். அதனால் 1861ஐ முதலில் பாருங்கள், அது ஒரு மாலை வேலைதான், அதற்குப் பிறகு ஜி.ஆர்.ஓ. குறியீடு, அதற்குப் பிறகுதான் காசு செலவழிக்கும் எதுவும். சான்றிதழ் கையில் வந்ததும் தாயின் பெயர், தகவல் கொடுத்தவர் பெயர், அவருடைய முகவரி, அவர் கையெழுத்துப் போட்டாரா கீறல் போட்டாரா என்பது வரை அப்படியே இங்கே எழுதுங்கள். முகவரி 1871 தாளில் இருக்கும் அதே தெருவாக இருந்தால் ஒரு விதமாகவும், வொர்க்ஹவுஸாகவோ வேறு ஊராகவோ இருந்தால் வேறு விதமாகவும் மேலே தேடவேண்டியிருக்கும்.